யாரெட்சி திறந்த கதவு

என் பெயர் கிரிசெல்டா ஓச்சோவா. வயது நாற்பத்தேழு. கணவர் பெயர் கேட்டார்கள், சொல்ல விருப்பமில்லை. வாஷிங்டன் மாநிலம் யாக்கிமா பள்ளத்தாக்கில் பதினெட்டு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போய், குழந்தையோடு விளையாடி, அதன் வளர்ச்சியைப் படிவத்தில் குறித்து, தாய்க்கு யோசனை சொல்வது என் வேலை. எங்கள் ஜனங்கள் என்னை டீச்சர் என்பார்கள். எரிபெர்த்தோ என்பவரின் வழக்குக்காகக் குடியேற்ற நீதிமன்றத்துக்கு இதைச் சொல்கிறேன்.

மேற்படி எரிபெர்த்தோ ஆப்பிள் தோட்டத்தில் பழம் பறிப்பவர். மனைவி அராசெலி. மகள் யாரெட்சிக்கு வயது இரண்டு வருடம் ஒரு மாதம். ஒன்றரை வருடமாகச் செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தேன். நீதிபதியின் உத்தரவில்லாமல் குடியேற்ற அதிகாரிகள் தட்டினால் திறக்கக் கூடாது, திறந்தால் நாமே உள்ளே அழைத்ததாக எழுதிக்கொள்வார்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

மே மாதப் படிவத்தில், கதவுக் குமிழைத் திருகித் திறக்கிறாளா என்ற கேள்விக்கு ‘இன்னும் இல்லை’ என்று குறித்தேன். அராசெலியின் முகம் வாடிவிட்டது.

“என் பொண்ணு மந்தமா, டீச்சர்?”

“அட போம்மா, கை பழகல, அவ்வளவுதான்” என்றேன்.

அதன்பின் மூன்று வாரம் ஜாடி மூடியைத் திருகவிட்டு, பிறகு வாசல் கதவுக் குமிழிலேயே பழக்கினேன். கை கொஞ்சம் திரும்பினாலும் நாங்கள் கைதட்டுவோம். ஜூன் மூன்றாம் தேதி தானே திறந்துவிட்டாள். ஏணியிலிருந்து விழுந்து காலில் கட்டோடு வீட்டிலிருந்த எரிபெர்த்தோ, “போச்சு, இனிமே என் பீரை எங்க ஒளிக்கிறது?” என்று சிரித்தார். ‘ஆம்’ என்று குறித்துக் கையெழுத்திட்டேன்.

அதற்கு அடுத்த செவ்வாய், பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நான் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, மூன்று அதிகாரிகள் அவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வரும் நேரம் என்று அராசெலி மேல் தாழ்ப்பாளை நீக்கி வைத்திருந்தாள். கதவு திறந்தது. ஆளைக் காணவில்லை. கீழே பார்த்தால் யாரெட்சி நிற்கிறாள். தனக்குத்தானே கைதட்டினாள். அதன்பின் அவர்கள் அவளைத் தாண்டி உள்ளே போய், எரிபெர்த்தோவுக்கு விலங்கு மாட்டி, கட்டுப் போட்ட காலோடு இழுத்து வந்தார்கள்.

குடியிருப்பவர் தாமாகவே திறந்ததாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குக் குமிழைத் திருகத் தெரியாது, தாய்தான் திறந்து உள்ளே விட்டாள் என்கிறார் அரசு வழக்கறிஞர். அதுவே தீர்ப்பானால் எரிபெர்த்தோவை நாடு கடத்திவிடுவார்கள். ஐயா, குழந்தைக்குத் தெரியும். நான்தான் பழக்கினேன். படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். “இதுல தலையிடாத கிரிசெல்டா, நம்ம வேலை விளையாட்டுக் காட்டுறது” என்றார் என் மேலாளர். நல்ல விளையாட்டுத்தான் காட்டினேன்.

குழந்தை கதவைத் திறந்ததே சம்மதம் என்றால், இதையும் பதிவு செய்யக் கேட்கிறேன். அதுவரை யாரெட்சி ஒற்றைச் சொல்தான் பேசுவாள். தகப்பனை வண்டியில் ஏற்றும்போது ஓர் அதிகாரியின் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, “அப்பாவ விடு” என்றாள். இரண்டு சொல் சேர்த்து அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை அவர்கள் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இவையெல்லாம் நான் கண்ணால் கண்டவை. என் மொழியில் வாசித்துக் காட்டக் கேட்டேன், திருத்த ஒன்றுமில்லை.

(ஒப்பம்) கிரிசெல்டா ஓச்சோவா