ஆயில் என்ஜினுக்கு வயசு பார்த்த கதை

மறியலுக்காக வெட்டிச் சாய்த்த புளியமரத்துக்கு முன்னால் எங்கள் கள்ளக்குறிச்சி பேருந்து நின்றுவிட்டது. முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நைனார்பாளையத்துல வெலைக்கு வந்த ஆயில் என்ஜினைப் பாத்தியே மச்சான், புதுசா?”

“வாங்கி நாலு வருசம்தான் ஆவுதுன்னாரு விக்கிறவரு. என்ஜின் மேல குத்தியிருக்கிற நம்பர்ல மொத ரெண்டு எண்ணு அதைச் செஞ்ச வருசம். அதைப் பாக்கலாம்னு பெயிண்டைச் சொரண்டினேன்.”

“இன்னா வருசம் இருந்திச்சி?”

“எங்க தெரிஞ்சிது? வருசா வருசம் ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பச்சைக்குக் கீழ நீலம், அதுக்குக் கீழ செவப்பு, மறுபடியும் பச்சை. நானும் வுடாம சொரண்டிக்கினே இருந்தேன்.”

“அவரு சும்மாவா பாத்துக்கினு இருந்தாரு?”

“அஞ்சாவதா மஞ்சள் தெரிஞ்சதும் கையைப் புடிச்சிக்கினாரு. ‘போதும் வுடு தம்பி, எங்கப்பா கண்ணாலத்துக்கு முன்னாடியே வாங்குனது’ன்னாரு.”