அணில்களுக்காகக் கேட்ட டொறீன் மிஸ்

தலைவர் சிவலிங்கம் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்கப் பெரியவர்களே, டொறீன் மிஸ்ஸிடம் படித்த பிள்ளைகளே, இரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தோட்டத்துச் சனங்களே!

எனக்கு முன்னால் பேசிய நால்வரும், மறைந்த ஆசிரியை, திரைப்பட விமர்சகர் டொறீன் ராஜநாயகம் அவர்களை அமைதியே உருவானவர் என்றார்கள். நான் அவரோடு மூன்று வருடம் நமது இலக்கியச் சங்கத்தின் மாத இதழில் வேலை செய்தவன். டொறீன் மிஸ் அமைதியானவர் அல்ல. அமைதியாக்கப்பட்டவர்! யார் செய்தது? நாம்தான். இந்த மேடையில் இருப்பவர்களும், இந்த மைக்கின் முன் நிற்கும் நானும்.

இரண்டு வருடங்களுக்கு முன் மாத்தளைக்கு ஒரு கார்ட்டூன் படம் வந்தது. ஒவ்வோர் அசைவையும் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய இங்கிலீஷ் தேவதைக் கதை. சாபத்தால் ஓர் இளவரசி கோபுரத்தில் அடைபடுகிறாள். மலை நிறையப் பூத்திருக்கும் வெள்ளிப் பூக்களைப் பொழுது சாய்வதற்குள் பறித்துக் கொடுத்தால் அவளுக்கு விடுதலை. ஆயிரம் அணில்கள் கூடி, மழையில் நனைந்து பறித்துக் கொடுக்கின்றன. இளவரசன் வருகிறான். கல்யாணம். சுபம்.

கொழும்பு விமர்சகர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். குடும்பத்தோடு பார்க்கவேண்டிய காவியம் என்றார்கள். குழந்தை மனங்களுக்கு விருந்து என்றார்கள். யாருடைய குடும்பத்தோடு? எந்தக் குழந்தையைக் கேட்டுவிட்டு எழுதினார்கள்?

டொறீன் மிஸ் கேட்டார்! அவர் ஒரு படத்தை இரண்டு தடவை பார்ப்பார். முதல் தடவை தனக்காக. இரண்டாம் தடவை குறைந்த காசுக் கலரி பெஞ்சில், தோட்டத்துச் சனங்களுக்கு நடுவில். அப்போது திரையைப் பார்க்கமாட்டார். அவர்கள் முகத்தைப் பார்ப்பார். படம் விட்டதும் வாசலில் நின்று, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே கொப்பியில் எழுதுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான மெட்னி ஷோவுக்கு நானும் போயிருந்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பேச்சாயி அக்கா வெளியே வந்த வேகத்திலேயே ஆரம்பித்தார்.

"என்னாங்க மிஸ் இது? அம்புட்டு அணிலும் நனைஞ்சு நனைஞ்சு பறிச்சுச்சு. கலியாணப் பந்தியில ஒண்ணையும் காணோமே! ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடுக்கலயே, பாவிங்க!"

அவருடைய கணவர் மாடசாமி சிரித்தார். "கங்காணியே இல்லாத மலை புள்ள. ஒனக்கு அது போதாதா?"

"ஏன் இல்ல? அந்த எளவரசி ஆரு? சன்னல்ல நின்னு பாட்டுப் பாடிக்கிட்டே வேலை வாங்குறாளே!"

அந்தப் படத்தைப் பற்றி இந்த நாட்டில் இதைவிடக் கூர்மையாக யாராவது எழுதினார்களா? மிஸ் அதை அப்படியே, பெயரோடு, எழுதிக் கொடுத்தார். வரைந்தவர்களையும் அவர் குறைத்துப் பேசவில்லை. 'அணிலின் நனைந்த வாலைக்கூட இவ்வளவு அக்கறையாக வரைந்த கை, பந்தியில் அதற்கு ஓர் இலை வரைய ஏன் மறந்தது?' என்றுதான் கேட்டிருந்தார்.

நாம் என்ன செய்தோம்? இதழின் ஆசிரியர் குழு அக்காவின் பெயரை வெட்டியது. தோட்டத்துப் பேச்சு அச்சில் வந்தால் இதழின் மதிப்புப் போய்விடுமாம்! திருத்தும் வேலை என்னிடம் வந்தது. திருத்தினேன். 'அணில்களின் உழைப்பிற்கு உரிய அங்கீகாரம் அளிக்கப்படவில்லை எனத் தோட்டத் தொழிலாளப் பெண் ஒருவர் அபிப்பிராயம் தெரிவித்தார்.' உயிரோடு இருந்த பேச்சைக் கொன்று இப்படிக் கிடத்திய கை இந்தக் கைதான்!

சும்மா இருப்பார்களா? கொழும்பிலிருந்து ஒரு விமர்சகர் எழுதினார். எந்தக் கூலிப் பெண் இப்படிப் பேசுவாள்? ஓர் ஆசிரியை தன் கசப்பை இல்லாத ஆளின் வாயில் திணித்திருக்கிறார், பொய் சொல்கிறார் என்று எழுதினார்.

பொய்! ஒரு வார்த்தையைக்கூட மாற்றாத மனுஷியைப் பார்த்துப் பொய் என்றார்கள். மாற்றியவன் நான். திட்டு வாங்கியவர் அவர்.

மிஸ் மலையேறி, பேச்சாயி அக்கா குடியிருக்கும் லயத்துக்குப் போனார். மறுப்பு எழுதப்போகிறேன், அதில் பெயரைப் போடலாமா என்று கேட்டார். "போடுங்க மிஸ். நான் என்னா இல்லாத ஆளா? ரேகையும் வச்சுத் தாரேன்" என்றார் பேச்சாயி அக்கா. நாளைக்குத் தோட்டத் துரை கூப்பிட்டு விசாரிப்பான் என்று தெரிந்துதான் சொன்னார். அந்தப் பெருவிரல் ரேகையோடு மறுப்புக் கட்டுரை நம்மிடம் வந்தது. தலைவர் அவர்களே, அதை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். "கொழும்புக்காரங்களோட நமக்கு எதுக்குங்க வம்பு?" என்றீர்கள். குழுவில் ஒருவராவது வாய் திறந்தோமா? அதன் பிறகு மிஸ் நமக்கு ஒரு வரி எழுதவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க வாங்க என்னிடம் கேட்டார்: "ரவூப், அது இன்னும் லாச்சிக்குள்ளதானா? ரேகைய வாங்கிட்டுப் போயி நான் ஏமாத்திட்டேன்னு அந்தப் புள்ள நெனச்சிருக்கும்பா."

இப்போது நினைவு மலர் போடப்போகிறீர்கள். பொருளடக்கம் பார்த்தேன். நான் கெடுத்த விமர்சனம் இருக்கிறது. மறுப்பு இல்லை! காலையில் கேட்டதற்கு, "செத்த வீட்டுல சண்டை வேணாம் தம்பி" என்றீர்கள். செத்தவருக்காகச் சண்டை போட வேறு எந்த வீட்டுக்குப் போவது ஐயா?

மணி அடிக்காதீர்கள். முடிக்கிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று நால்வரும் உறுதி சொன்னீர்கள். எந்தப் பணியை? என் உறுதி இது: அந்த மறுப்பு, பெயரோடும் ரேகையோடும், சொன்ன சொல்லோடும் மலரில் வரவேண்டும். வராவிட்டால் நானே ஸ்டென்சில் வெட்டி ரோனியோ மெஷினில் பிரதி எடுப்பேன். இரத்தோட்டை பஸ்ஸில் கொடுப்பேன், பலாபத்வல சந்தியில் கொடுப்பேன், இந்த மண்டப வாசலிலும் கொடுப்பேன்.

அப்போதும் இல்லாத ஆள் என்றுதான் சொல்வார்கள். நல்லவேளை, கொழும்புப் பத்திரிகை நிருபர் ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார்.

அக்கா, கதவோரத்துல நிக்க வேணாம். மேல வாங்க. செருப்பக் கழட்டாதீங்க, இது கோயில் இல்ல. அன்னைக்குத் தியேட்டர் வாசல்ல சொன்னத இந்த மைக்குல சொல்லுங்க. ஒரு ஆளும் திருத்த மாட்டாங்க.

நிருபர் ஐயா, பேனையை எடுங்கள். இவர் பெயர் பேச்சாயி.