இறக்கைத் தையல்

மழை விடாத மாதங்களில் துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூச்சு பிடிக்காது. இந்த முறை இறக்கை வேலை முடிய நாளானது அதனால்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. வேறு காரணம் இல்லை.

என் கணவர் றோலண்ட் உலக யுத்த காலத்தில் இரத்மலானையில் விமானம் பழுது பார்த்தவர். வட்டவளைக்கு மேலே, எங்கள் தோட்டத்துத் துரையிடம் சின்ன விமானம் ஒன்று இருந்தது. அதைப் பராமரிப்பது றோலண்டின் வேலை. அதற்குப் பதிலாக, ஞாயிறு பூசை முடிந்தபின் அவர் அதை ஓட்டிக்கொள்ளலாம். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இறக்கைகள். அந்தத் துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைப்பவள் நான்.

தோட்டத்துப் பெரிய கிளாக்கரை அதில் ஏற்றி மேலே கூட்டிப் போனார். மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரை, அவர் மனைவியை, அவர்கள் வீட்டு விருந்தாளியைக்கூட. நான் கேட்டால், "நீ எங்க ஓடிப்போற டோரீன்? அடுத்த வாரம் போவோம்" என்பார். அந்த அடுத்த வாரத்துக்காக வருஷக்கணக்கில் சேலை மாற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

புறப்படுமுன் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்ப்பார். துணியை மட்டும் பார்க்கமாட்டார்.

"அதையும் ஒருக்கா பாருங்களேன்" என்றார் கிளாக்கர்.

"அதுல பார்க்க என்னங்க இருக்கு? டோரீன் தைச்சது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு வேண்டும். ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். இந்த முறை இடது இறக்கையில் நான் முடிச்சுப் போடவில்லை. நாடா ஒட்டிப் பூச்சு அடித்தபின் தெரியாது. துணி கொஞ்சம் படபடக்கும், பயந்து இறங்குவார், ஒருமுறையாவது என் தையலைக் குனிந்து பார்ப்பார். அவ்வளவுதான் நினைத்தேன்.

அந்த ஞாயிறு கோயிலிலிருந்து வந்ததும், "கெளம்பு டோரீன், இன்னைக்கு நீதான்" என்றார்.

தலை வலிக்கிறது என்றேன்.

"அக்காவுக்குப் பயம் மச்சான். நான் வர்றேன்" என்றாள் என் தங்கை மரியநாயகி. அவள் முடி பறக்காமலிருக்க என் முக்காட்டுத் துணியை எடுத்து நானே தலையில் கட்டிவிட்டேன்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் திரும்பும்போது இறக்கைத் துணி உரிந்ததாம். இருவரையும் தேயிலைக்குள்ளிருந்து எடுத்து வந்தார்கள்.

சாகட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. நீங்களோ, ஏன் ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்றே கேட்கிறீர்கள். முடிச்சில்லாத இறக்கையை நம்பி யாராவது ஏறுவார்களா, ஐயா?