விளிம்பைச் சீவிவிட்டேன்

ஐயா, விசாரணையைத் தொடங்குவதற்கு முன் உங்கள் மேஜையில் இருக்கும் பேனாக்களை ஒரே பக்கம் பார்த்தபடி வைத்துவிடுகிறேன். ம், இப்போது பேசலாம்.

ஆய்வுக்கூடத்தில் என்னைச் 'சீப்பு' என்று கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனால் தப்பில்லை. கலைந்து கிடப்பது எதுவானாலும் என் கை சும்மா இருக்காது. வாசல் மிதியடியின் குஞ்சங்களைக்கூட வாரிவிட்டுத்தான் உள்ளே போவேன். அக்கா எனக்கு நேர் எதிர். அங்கே இருக்கும் அணுக்கரு இணைவு இயந்திரத்தின் தலைமை விஞ்ஞானி அவள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவாள். அவள் இறைத்ததை எடுத்து வைத்தே வளர்ந்தவன் நான்.

எங்கள் இயந்திரம் டயர் டியூப் வடிவத்தில் ஒரு பெரிய கலம். அதற்குள் சூரியனைவிடச் சூடான பிளாஸ்மா. அது சுவரில் படாமல் பிடித்து வைத்திருப்பவை காந்தக் கோடுகள். நடுவில் அவை வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். விளிம்பில்தான் அக்கா கைவரிசையைக் காட்டியிருந்தாள். கலத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கம்பிச்சுருள்களை வைத்து, ஓரத்துக் கோடுகளை வேண்டுமென்றே சிக்கலாக்கியிருந்தாள். கோடுகளின் குறுக்குவெட்டைக் காட்டும் திரையில் அந்த இடம் மட்டும் கடுகு டப்பாவைக் கவிழ்த்த மாதிரி புள்ளி புள்ளியாக இறைந்து கிடக்கும்.

காரணம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். சிக்கல் இருந்தால் சூடு அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். விளிம்பு நேர்த்தியாக இருந்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்து சேர்ந்து, ஒரே மூச்சில் சுவர் மேல் வாந்தி எடுக்கும். "டேய், சுவர் பிழைச்சிருக்கறதே அந்தச் சிக்கலாலதான்டா," என்பாள் அக்கா. சுருள்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கட்டுப்பாட்டு மேஜை என்னுடையது. என்னை நம்பித்தான் கொடுத்தாள்.

சென்ற வாரம் பார்வையாளர் குழு வந்தது. அவர்கள் சரி என்று சொன்னால் இயந்திரம் தொடர்ந்து ஓடும், இல்லாவிட்டால் பூட்டு. அக்காவின் தலை நரைத்ததே இந்த ஒரு நாளுக்காகத்தான். எல்லாரும் பெரிய திரை முன்னால் நின்றார்கள். பிளாஸ்மா சமர்த்தாக எரிந்தது. குழுவில் ஒரு அம்மா விளிம்பைக் காட்டி, "அது என்ன, அங்க மட்டும் அப்படிக் கிடக்கு?" என்று கேட்டார்.

எனக்கு மானம் போய்விட்டது ஐயா. நாலு பேர் வந்திருக்கும் நேரத்தில் வீட்டை அப்படியா போட்டு வைப்பது? அக்கா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சுருள்களை அணைத்துவிட்டேன்.

கடுகெல்லாம் ஓடிப்போய் வரிசையில் நின்றது. வளையத்துக்குள் வளையம், ஓரம் வரை. "அடடே," என்றார் அந்த அம்மா. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான படம் அது. பிறகு சுவர் போயிற்று. உள்ளே பதித்திருந்த ஓடுகள் உருகின, தண்ணீர்க் குழாய் வெடித்தது, குழுவினர் நனைந்த செருப்போடு படியிறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை. மறுநாளே இயந்திரத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டு கோணலாகத் தொங்கியது, நேராக்கிவிட்டேன்.

ஆம், நான்தான் செய்தேன். அக்காவின் நன்மைக்காகச் செய்தேன். அவளுக்கும் அது புரிந்துவிட்டதென்று நினைக்கிறேன். முன்பெல்லாம் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவாள். "என் மேஜையைத் தொடாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது" என்று கத்தாத நாளே கிடையாது. அன்றிலிருந்து ஒரு கத்தல் இல்லை. தலையைப் படிய வாரி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். விசாரணை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருடம் கழித்து என் வழிக்கு வந்துவிட்டாள் ஐயா. எதையும் வெளியே சிந்தாமல், எல்லாவற்றையும் உள்ளேயே அடுக்கி வைத்துக்கொள்கிறாள்.