பப்பாளியில் பால் வெட்டியவர்

ஈப்போவிலிருந்து காம்பார் போகும் பஸ்ஸில் ஏர்கோன் வேலை செய்யவில்லை. பஸ் கம்பெனியை மனத்துக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“என் வீட்டுக்காரரு பப்பாளி மரத்துல பால் வெட்டிட்டாருக்கா.”

மூத்தவள் திரும்பினாள். “ரப்பர் மரத்துல வெட்டுற மாதிரியா?”

“அதே கத்திதான். சரிவா கோடு போட்டு, கீழ பால் புடிக்க மங்கும் கட்டியிருக்காரு. நான் விவசாயப் பயிற்சிக்குப் போயிருந்தேன்லா, அந்த நேரத்துல. இலைய ஒடிச்சாலே பால் வருது, சும்மா விடலாமான்னு கேக்குறாரு.”

“மரம் என்னாச்சு?”

“வாடிப்போய் நிக்குது. நாளைக்குப் பயிற்சி வாத்தியார் பாக்க வாராரு. மரம் நல்லா இருந்தாதான் சொந்தமாப் பயிர் வைக்க நிலம் தருவாங்க. இல்லாட்டி வேற ஆளுக்குப் போயிரும்.”

“மஞ்சத்துணி சுத்திடு. சாமி மரம்னு சொல்லு. அவரும் தமிழருதானே, தொட மாட்டாரு.”

“ஒரு மரம்னா சொல்லலாம்க்கா. பாதி வரிசைய வெட்டிட்டாரு.”

“ஆளுக்கொரு மரமாக் குடு. நம்மகிட்ட சாமிக்கா பஞ்சம்?”

அப்போது இளையவளின் போன் அடித்தது. கணவர்தான்.

“என்னது? பால் பத்தலையா? மிச்சத்தையும் வெட்டப் போறீங்களா? யோவ், கத்தியக் கீழ போடுய்யா!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து ஓட்டுநரிடம் ஓடினாள்.

“அண்ணே, கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே. பாதிப் பேரு இன்னும் உயிரோட இருக்காங்க!”