குதிரைக்கு வைத்த முடி

— தொடாதீங்க, பசை இன்னும் காயல.

— இந்த முடி யார்து, அக்கா?

— ஆர்டருங்க. பொம்மைக் குதிரையோட நைலான் முடிய மொத்தமா புடுங்கிட்டு, ஒவ்வொரு ஓட்டையா நெஜ முடிய ஊசியில கோத்து இழுத்தேன். நல்லா வந்திருக்குல்ல?

— யார்துனு கேட்டேன்.

— ஐய்ய, மொதல்ல உக்காருங்க, தண்ணி தரேன்.

— ஒண்ணும் வேணாம். இந்தக் குதிரய நீங்க போட்ட வீடியோவுல பாத்துட்டு வேங்கிக்கால்லேந்து ஆட்டோ புடிச்சு ஓடியாறேன். குதிர நெத்தியில தொங்குதே வெள்ளக் கொத்து, அது என் பொண்ணு கீதாஞ்சலியோடது. பொறந்ததுலேந்தே அப்படி. இந்த ஊர்ல வேற எந்தப் புள்ளைக்கு இருக்கு?

— ஐய்ய... அம்மா இல்லாத புள்ளனுல்ல நெனச்சேன். மொட்ட போட்டதுலேந்து முடிய கேட்டு கேட்டு அழுவுதாம். பொம்மையில வச்சு குடுங்க, தடவிக்கினே தூங்கட்டும்னு ஒருத்தர் கொண்டாந்தாரு. பாவமா இருந்துச்சு.

— மொட்டயா! லீவுக்குனு சொல்லி அவ அப்பன் கீழ்பென்னாத்தூருக்கு இட்டுனு போனான். மொட்டையே போட்டுட்டானா? கொற மாசத்துல பொறந்து கண்ணாடிப் பொட்டியில கெடந்தவக்கா அவ. பொழச்சா மொத முடி அண்ணாமலையாருக்குனு நான் வேண்டிக்கினேன். நாலு வயசு வரைக்கும் கத்திரி படாம வச்சிருந்தேன். அவ அப்பன் வூட்டு குலசாமிக்குத்தான் எடுக்கணும்னு அவங்களுக்கு வீம்பு. அந்த சண்டையிலதான் நான் பிரிஞ்சே வந்தேன்.

— ஐய்ய, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.

— உங்கள சொல்லி இன்னா பண்றது? நம்ப வச்சு கழுத்த அறுத்துட்டாங்க. இன்னொரு மொத முடிக்கு நான் எங்கக்கா போவேன்?

— அழாதீங்க.

— இருங்க, எங்கண்ணனுக்கு போன் போடறேன். கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். அனுப்பு, ஒண்ணும் ஆவாதுனு அவன் சொன்னதாலதான் புள்ளையவே அனுப்பினேன். விஷயம் தெரிஞ்சா அவங்கள உண்டு இல்லனு ஆக்கிடுவான், பாருங்க.

— போன் வேணாம்மா. வச்சிடுங்க.

— ஏன்?

— தாய்மாமன் மடியில உக்கார வச்சுதான மொட்ட போடுவாங்க? இந்த முடிய கொண்டாந்தவரு, ‘என் மடியிலதாங்க உக்காந்திருந்தா’னு சொல்லிட்டு கண்ணத் தொடச்சுக்கினாரு.