ஊறவைக்காத முள்ளங்கி

மதிப்புக்குரிய டிரெசர் ஐயா அவர்களுக்கு,

முள்ளங்கியைப் பதப்படுத்த வெயிலைவிட உப்புதான் முக்கியம். தோலைச் சீவாமல் நீளவாக்கில் கீறி, உப்பைத் தேய்த்து, ஒரு நாள் அம்மிக்கல்லின் பாரத்தில் வைக்க வேண்டும். மறுநாள் வெயில், மறுபடி உப்பு. ஒரு வாரத்தில் பழுப்பாகச் சுருங்கிவிடும். ஜாடியில் அழுத்தி வைத்தால் வருடக் கடைசி மழை முடியும்வரை கெடாது. ரப்பர் பால்வெட்டு இல்லாத அந்த மழை நாட்களில் எங்கள் லயத்து வீடுகளில் கஞ்சிக்கு அதுதான் துணை. கோப்பெங் சந்தையில் காய் விற்ற சீன அம்மா சொல்லிக்கொடுத்தது.

போன வாரம் ஈப்போவில் எங்கள் இப்போதைய வீட்டுக்கு வந்த உங்கள் கடிதத்துக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். பதின்மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் தோட்ட மருத்துவமனையில் டிரெசராக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மாமனார் சன்னாசிக்கு உப்பு ஆகாது என்று சொல்ல மறந்துவிட்டீர்களோ என நினைத்துத் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒழுங்காகப் பதில் சொல்வது என் கடமை.

அந்த வருடம், இங்கே குடியுரிமை இல்லாத மாமனாருக்கு வேலை பர்மிட் கிடைக்கவில்லை. ஜனவரியில் பினாங்கில் கப்பலேறித் தமிழ்நாட்டில் தன் ஊருக்கே போய்விடுவதென்று முடிவு செய்தார்.

"நான் மட்டும் போயி என்னா பண்ண? எல்லாரும் போலாம்," என்றார்.

என் கணவர் கார்த்திகேசு அப்பா பேச்சைத் தட்டாதவர்.

"அங்க நமக்கு யாருங்க இருக்கா?" என்று கேட்டேன்.

"அப்பா இருக்காருலா."

நான் இங்கே பிறந்தவள். என் இரண்டு பெண்களும் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். நான் கண்ணால் பார்த்திராத ஊரில் அவர்களைக் கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபரில் மாமனாருக்குக் கால் வீங்கியது. சிறுநீரகக் கோளாறு என்றீர்கள். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், தமிழில் மூன்று வரி எழுதி என் கையில் கொடுத்தீர்கள். அடுத்த வாரமே மாற்றலாகி சிலிம் ரிவருக்குப் போய்விட்டீர்கள்.

தாளை வீட்டில் வாசித்துக் காட்டினேன். காலையில் ஒரு மாத்திரை. படுக்கும்போது காலை உயர்த்தி வைக்கவும். பிறகு மடித்துவிட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றார் கணவர்.

"அவ்வளவுதாங்க."

அந்த முள்ளங்கியை உப்பு இறங்க மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துதான் பரிமாறுவோம். முதல் வாரம் மாமனாருக்கு இரண்டு தண்ணீராகக் குறைத்தேன். பிறகு ஒன்று. நவம்பரில் ஊறவைப்பதையே விட்டேன். அவருக்குப் பிடித்திருந்தது.

"ஏம்மா, இன்னும் ரெண்டு துண்டு போடேன். உங்கப்பன் வீட்டு ஜாடியா, இப்படிக் கஞ்சம் பண்ற?" என்று சிரிப்பார்.

போட்டேன். முகம் வீங்கிய பிறகும் கேட்டார். அப்போதும் போட்டேன். பிள்ளைகளுக்குத் தனியாக ஊறவைத்துக் கொடுத்தேன்.

அவர் கப்பலேற முடியாமல் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். டிசம்பர் பதினொன்றாம் தேதி மூச்சு வாங்கி இறந்தார். அதன்பின் வீட்டில் யாரும் கப்பலைப் பற்றிப் பேசவில்லை. பெரியவள் இப்போது ஆசிரியை.

உப்பு, ஊறுகாய், கருவாடு கூடவே கூடாது என்று மூன்றாவது வரியில் தெளிவாக எழுதியிருந்தீர்கள். உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள். என்னைப் பற்றியும் கவலை வேண்டாம். கடைசி நாள்வரை மாமனார் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. அவரை என்னைப்போல யாரும் பார்த்துக்கொண்டதில்லை என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார்.

இப்படிக்கு,
நல்லம்மாள்